பால் ஜாயிண்ட் கானான், லொங்கார்

எதிர்த்தரப்பு தாக்கல் செய்த மறுப்புரையில் என் கண் நின்றது ஒரு வாக்கியத்தில்தான். காரின் முன்பக்க வலது பால் ஜாயிண்ட் எதிர்பாராமல் கழன்றுவிட்டது, ஆகவே இது பிரதிவாதியால் தவிர்த்திருக்கவே முடியாத விபத்து என்று எழுதியிருந்தார்கள். சாலை விபத்து வழக்குகளில் காப்புறுதி நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் இந்த வாதத்தை எடுப்பது புதிதில்லை. பிரேக் பிடிக்கவில்லை, டயர் வெடித்துவிட்டது என்று ஏதாவது ஒன்று வரும். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டால் அடிபட்டவருக்கு ஒரு காசு கிடைக்காது. யார்மேலும் தவறில்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

வழக்குத் தொடுத்தவர் 27 வயதுப் பெண். பாடாங் செராய்ப் பக்கம் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பின்னாளில் குடும்பம் ஒரு தாமான் வீட்டுக்கு மாறியது. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டர் வேலை. 2016 ஆகஸ்டில் ஒரு நாள் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் மோட்டாரில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே வந்த கார் நடுக்கோட்டைத் தாண்டி வந்து மோதியது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துபோயின. கூலிம் மருத்துவமனையில் உள்ளே கம்பி வைத்தார்கள்.

காரை ஓட்டியவரும் அதே பூங்காவில் வேலை செய்பவர்தான். அவரும் தோட்டத்துப் பிள்ளை. எட்டு மணி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். உள்நாட்டுத் தயாரிப்பான அந்தக் கார் பதினைந்து வயதைத் தாண்டியது. இரண்டாம் கை வண்டியாக வாங்கி நான்கு வருடமாகியிருந்தது.

இந்த வட்டாரத்தில் இது சாதாரணக் காட்சி. மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்காவாக 1996இல் கூலிம் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, லூனாஸ், பாடாங் செராய், மாஹாங், கராங்கான் என்று சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தோட்டத்துக்கு வெளியே ஒரு மாதச் சம்பளம் வந்தது. ஆனால் வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நேரத்துக்கு வரும் பஸ்ஸை நம்பிப் போக முடியாது. ஷிப்டுக்குப் போக வேண்டுமென்றால் கையில் ஒரு வண்டி இருந்தாக வேண்டும். பழைய கார், பழைய மோட்டார். தோட்டத்து உள் பாதையில் செம்மண் பள்ளம், செம்பனைக் குலை ஏற்றிய லாரி போட்ட தடம், மழைக்காலத்தில் சேற்றுத் தண்ணீர். அதையெல்லாம் கடந்துதான் தார்ச்சாலைக்கு வர வேண்டும். ஒரு பால் ஜாயிண்ட்டைக் கெடுக்க இதைவிட வேறெதுவும் தேவையில்லை.

அதை எனக்குக் கற்றுத் தந்தவர் லூனாஸில் பட்டறை வைத்திருந்த ஒரு போமன். அறுபதைத் தாண்டியவர். மறுப்புரை கைக்கு வந்ததும் அவரிடம் போய், "அண்ணே, பால் ஜாயிண்ட் திடீர்னு கழன்டுக்குமா?" என்று கேட்டேன்.

"திடீர்னு எதுவும் கழலாது சார். அது சொல்லிட்டுத்தான் கழலும்" என்றார். பிறகு ஒரு காரை ஜாக்கியில் தூக்கி அடியில் கூட்டிப்போனார்.

காரின் அடியிலிருந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கை, லோவர் ஆம். சக்கரம் பொருந்தியிருக்கும் கனமான இரும்பு வார்ப்பு, நக்கிள். இந்த இரண்டையும் இணைப்பது பால் ஜாயிண்ட். ஒரு முனையில் உருண்டை உள்ள இரும்புத் தண்டு, அந்த உருண்டை உட்கார ஒரு கிண்ணம், உள்ளே கிரீஸ், வெளியே மூடி நிற்கும் ரப்பர். ஆட்டுக்கல் குழியில் குழவி நாலா பக்கமும் சாய்ந்து சுழல்வது போல இந்த உருண்டையும் கிண்ணத்துக்குள் சாயும், சுழலும். அதனால்தான் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதே திரும்பவும் முடிகிறது.

கேடு ரப்பரில் தொடங்குகிறது. வயதாகி வெடிக்கும், அல்லது கல் பட்டுக் கிழியும். கிரீஸ் வெளியே கசியும். தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். உருண்டை துருவேறித் தேயும், கிண்ணத்தின் உட்பூச்சும் தேயும். முதலில் நூலளவு ஆட்டம். அப்போதே மேட்டில் ஏறி இறங்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு ஸ்டியரிங் நேராக நிற்காது, கார் ஒரு பக்கம் இழுக்கும். சக்கரம் தன் கோணத்தை இழப்பதால் டயரின் ஓரம் மட்டும் மொட்டையாகும். இத்தனைக்கும் பிறகுதான் ஒரு நாள் உருண்டை கிண்ணத்தை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும். அந்த நொடியில் லோவர் ஆமுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும், சக்கரம் மடங்கிவிடும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் பயனில்லை, கார் உடைந்த பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வலது சக்கரம் மடங்கினால் இழுத்துக்கொண்டு போகும் இடம் எதிர் வண்டிகளின் பாதை.

சோதிக்கும் முறையையும் காட்டினார். சக்கரம் தரையை விட்டு எழும்பும்படி தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பிறகு லோவர் ஆமுக்கும் நக்கிளுக்கும் இடையே ஒரு கம்பியைக் கொடுத்து நெம்ப வேண்டும். அப்போது ஒருவர் கண் ஜாயிண்ட் மேலேயே இருக்க வேண்டும். அப்ஸோபர் மேல் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் சின்னக் கார்களுக்கு இது போதும். ஸ்பிரிங் லோவர் ஆம் மேலேயே உட்கார்ந்திருக்கும் பிக்கப், வேன் போன்றவற்றுக்கு ஜாக்கியை ஆமுக்கு அடியில் கொடுக்க வேண்டும். உடம்பில் கொடுத்தால் ஸ்பிரிங் ஜாயிண்ட்டை அழுத்திக்கொண்டே இருக்கும், ஆட்டம் வெளியே தெரியாது. சரியில்லாத இடத்தில் ஜாக்கி போட்டுப் பார்த்துவிட்டு 'நல்லா இருக்கு' என்று அனுப்புகிற பட்டறைகளை நினைத்து அவர் கோபப்பட்டார். அந்தக் கோபம் நியாயமானது.

மாற்றும் வேலை பெரியதில்லை. ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றி, கூம்பு வடிவத் தண்டை நக்கிளிலிருந்து விடுவிக்க வேண்டும். சுத்தியலால் கண்டபடி அடிக்காமல், அதற்கென்று உள்ள புல்லரைப் போட வேண்டும். சில கார்களில் ஜாயிண்ட் மட்டும் வரும், சிலவற்றில் ஆமோடு சேர்த்து மாற்ற வேண்டும். புதியதைப் பொருத்தும் முன் கூம்பு உட்காரும் துளையில் ஒரு சொட்டு கிரீஸோ துருவோ இருக்கக்கூடாது. நட்டைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். பின் போடும் துளை நேர்படவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் முறுக்கலாமே தவிர, பின்னுக்காக நட்டைத் தளர்த்தக்கூடாது. பழைய பின்னை மறுபடி போடக்கூடாது. கடைசியில் எலைன்மெண்ட். அந்த ரகக் காருக்குச் சாமானும் கூலியும் சேர்த்து அன்று இருநூறு வெள்ளிக்குள் முடிந்திருக்கும்.

அந்தப் பட்டறையை விட்டு வெளியே வந்தபோது வழக்கை நடத்தும் விதம் எனக்குத் தெளிவாகிவிட்டது. ஜாயிண்ட் கழன்றதா இல்லையா என்று சண்டை போட வேண்டியதில்லை. அது எத்தனை மாதமாகக் கழன்றுகொண்டிருந்தது என்பதைக் காட்டினால் போதும்.

போலீஸ் வரைந்த விபத்து வரைபடத்தில் தார்ச்சாலையைக் கீறிய ஒரு கோடு இருந்தது. அது பிரதிவாதியின் பாதையிலேயே தொடங்கி, நடுக்கோட்டைச் சாய்வாகக் கடந்து, மோதிய இடத்தில் முடிந்தது. கழன்ற ஆமின் முனை தரையில் உரசிய தடம் அது. மோதலில் ஜாயிண்ட் உடையவில்லை, உடைந்த பிறகுதான் மோதியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதை நிரூபிக்க ஒரு பொறியாளரை அழைக்கத் தயாராக இருந்தார். நான் முதலிலேயே ஒப்புக்கொண்டேன். அவர் கொஞ்சம் திகைத்துப்போனார்.

இந்த வகை வாதத்துக்குச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை 1969இல் தீர்த்த ஹெண்டர்சன் எதிர் ஜென்கின்ஸ் வழக்கில், ஐந்து வயதான ஒரு லாரியின் பிரேக் குழாய் துருவேறி வெடித்து, லாரி நிற்காமல் ஓடி ஒருவரைக் கொன்றது. துரு இருந்த பகுதி, குழாயை முழுதாகக் கழற்றினால் தவிரக் கண்ணில் படாத இடம். வழக்கப்படி சோதித்தோம், கண்ணுக்குத் தெரியவில்லை என்றார்கள் உரிமையாளர்கள். ஐந்து நீதிபதிகளில் மூவர் அதை ஏற்கவில்லை. அந்த லாரி என்னென்ன ஏற்றியது, எங்கெங்கே ஓடியது என்பது உரிமையாளருக்குத்தான் தெரியும். குறை மறைந்திருந்தது என்று சொல்வதோடு அவர் நின்றுவிட முடியாது, தகுந்த கவனம் எல்லாம் எடுத்தும் அது மறைந்தே இருந்தது என்பதையும் அவரேதான் காட்ட வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றமும் 1977இல் மினு மேத்தா வழக்கில் அதே வழியில் போனது. நம்முடைய 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவும், ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை அவரே நிரூபிக்க வேண்டும் என்கிறது. லண்டனில் கண்ணுக்கே தெரியாத துருவுக்கு அந்தத் தீர்ப்பு என்றால், மாதக்கணக்கில் சத்தம் போட்ட ஜாயிண்ட்டுக்கு வேறு என்ன தீர்ப்பு இருக்க முடியும்?

ஆனால் சத்தம் போட்டது என்பதற்கு ஆதாரம் வேண்டும். கார் கூலிமில் ஓர் இழுவை லாரிக்காரரின் கொட்டகையில் கிடந்தது. அதைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டால் எல்லாம் போய்விடும். உடனே கடிதம் அனுப்பி, 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 29ஆம் கட்டளைப்படி காரைப் பாதுகாக்கவும் ஆய்வு செய்யவும் உத்தரவு வாங்கினோம். எங்கள் அட்ஜஸ்டர் ஒரு பகல் முழுவதும் அங்கே இருந்து படம் எடுத்தார். கிண்ணத்தின் விளிம்பு தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. உள்ளே செந்துரு. ரப்பரில் கிழிந்த விளிம்பு காய்ந்து கறுத்திருந்தது, புதுக் கிழிசலுக்கு அந்த நிறம் வராது.

வழக்கைத் திருப்பியது ஜாயிண்ட்டின் படம்கூட இல்லை, டயரின் படம். டயரின் பக்கத்தில் டாட் என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம் அது எந்த வாரம், எந்த வருடம் தயாரானது என்பதைச் சொல்லும். பின் டயர்களில் 0812. முன் டயர் இரண்டிலும் 1116, அதாவது 2016ஆம் ஆண்டின் பதினோராவது வாரம். மார்ச்சுக்கு முன்னால் அவற்றை வாங்கியிருக்க வழியே இல்லை. சில மாதமே ஓடிய டயர், ஆனால் வலது டயரின் உள் ஓரத்தில் அதற்குள் பூ தேய்ந்திருந்தது. இந்த மனிதர் விபத்துக்குச் சற்று முன்னால் ஒரு டயர் கடைக்குப் போயிருக்கிறார். புது டயர் போட்டால் எலைன்மெண்ட் பார்ப்பார்கள். எலைன்மெண்ட் பார்க்கிறவன் ஜாயிண்ட்டைத் தொடாமல் இருக்க முடியாது.

கடையைக் கண்டுபிடிக்க அதிகம் அலையவில்லை. பில் புத்தகத்தில் கார்பன் நகல் இருந்தது. மே மாதத் தேதி, வண்டி எண், இரண்டு டயர், பேலன்சிங். எலைன்மெண்ட் என்று அச்சிட்ட வரியில் குறுக்கே ஒரு கோடு. அதற்குக் கீழே பேனாவால், மலாயில்: 'பால் ஜாயிண்ட் கானான் லொங்கார். தாக் போலே எலைன்மெண்ட்.' வலது பால் ஜாயிண்ட் தளர்ந்திருக்கிறது, எலைன்மெண்ட் செய்ய முடியாது.

வழக்கு சுங்கை பட்டாணி செஷன்ஸ் நீதிமன்றத்தில். சாலை விபத்து இழப்பீட்டுக்கு அங்கே தொகை வரம்பு கிடையாது. பில்லின் உள்ளடக்கத்தை எதிர்த்தரப்பு ஏற்க மறுத்ததால், எழுதியவரையே சப்பீனா அனுப்பி வரவழைத்தோம். கடையில் வேலை செய்த சீன இளைஞர். தன் கையெழுத்து என்றார், வாடிக்கையாளரிடம் வாயாலும் சொன்னேன் என்றார். வேறு எதுவும் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லூனாஸ் போமனை நிபுணராக அழைத்தபோது, இவர் பொறியியல் படித்தவரில்லையே என்று ஆட்சேபம் வந்தது. தனித்திறன் பட்டத்தால் மட்டும் வருவதில்லை, தொழில் அனுபவத்தாலும் வரும் என்பதைச் சட்டம் ஏற்கிறது என்று வாதிட்டேன். நீதிபதி அனுமதித்தார். போமன் ஒரு துணிப்பையிலிருந்து இரண்டு பால் ஜாயிண்ட்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று புதியது, ஒன்று வேறொரு காரிலிருந்து கழற்றிய தேய்ந்தது. புதியதன் தண்டைச் சாய்க்க இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. தேய்ந்ததை ஒரு விரலால் தட்டினார், தண்டு தானாகச் சாய்ந்து கிண்ணத்தில் இடித்தது. அந்தச் சத்தம் நீதிமன்றத்தில் எல்லோருக்கும் கேட்டது. இந்த நிலைக்கு வர எவ்வளவு காலம் ஆகும் என்று நீதிபதியே கேட்டார். சாலையைப் பொறுத்தது, ஆனாலும் ரப்பர் கிழிந்த பிறகு மாதக்கணக்கு ஆகும் என்றார்.

பிறகு பிரதிவாதி. சாட்சிக் கூண்டில் அவர் பொய் சொல்ல முயலவே இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

"மேட்டுல ஏறி இறங்குனா டொக்குனு கேக்கும் சார்."

"எப்போதிலிருந்து?"

"சீனப் புத்தாண்டு சமயத்துலேர்ந்து."

"டயர் கடையில் சொன்னார்களா?"

"சொன்னாங்க. டயருக்கே காசு சரியாப் போச்சு. தீபாவளிக்கு போனஸ் வந்ததும் மாத்திக்கலாம்னு இருந்தேன்."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. பிள்ளைகளின் பள்ளிச் செலவு, வீட்டுத் தவணை, எல்லாம் அவர் சாட்சி அறிக்கையில் இருந்தது. இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவர் நிலையில்தான் இருக்கிறார்கள். அதற்காக எதிரே மோட்டாரில் வருகிறவரின் கால், அவர் ஒத்திப்போட்ட செலவுக்கு ஈடாக முடியாது. புது டயர் போட்டதால் பழைய டயரில் தெரிந்த அடையாளமும் மறைந்துபோனது. அதற்குப் பிறகு சத்தம் ஒன்றுதான் மிச்சம், அதற்கும் காது பழகிவிட்டது.

எதிர்த்தரப்பு கடைசியாக நம்பியது வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமின் அறிக்கையை. இரண்டாம் கை வண்டியாகப் பெயர் மாற்றியபோது கார் பரிசோதனையில் தேறியிருந்தது. ஆனால் அது நான்கு வருடத்துக்கு முந்தைய காகிதம். நம் நாட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை உண்டு. சொந்தக் காருக்குப் பெயர் மாற்றுவது போன்ற சில நேரங்களில் மட்டும்தான். இருபது வருடம் ஒரே கையில் இருக்கும் காரை அரசு தரப்பில் யாரும் அடியில் குனிந்து பார்க்காமலே போகலாம். இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லாக் காரையும் ஆண்டுதோறும் இழுக்கச் சொல்லவில்லை. பத்து வயதைத் தாண்டிய காருக்கு, ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும்போது, ஜாயிண்ட், டை ரோட், பிரேக் குழாய், டயர் இந்த நான்கையும் பார்க்கச் சொன்னால் போதும். கட்டணம் ஏழைக்குச் சுமையாகாத அளவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டறைக்காரரின் ஒரு வரி எழுத்துதான் நாட்டின் ஒரே பரிசோதனையாக இருக்கும்.

பட்டறைகள் மேலும் வழக்கு வருவதுண்டு. இந்த வழக்கில் டயர் கடை சொல்லிவிட்டது, அதனால் பொறுப்பில்லை. பின் போடாமல் நட்டை மட்டும் முறுக்கி அனுப்பிய பட்டறை என்றால் கதை வேறு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்வதாக ஓர் உத்தரவாதத்தைத் தானாகவே சேர்க்கிறது. பழுது சரியில்லை, பணம் திரும்ப வேண்டும் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். 2019 முதல் அங்கே 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ஆனால் உடல் காயமோ உயிரிழப்போ இருந்தால் அங்கே போக முடியாது, சிவில் நீதிமன்றம்தான். சாமானே தயாரிப்பில் கெட்டதாக இருப்பதும் நடக்கும். 2005இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் கீழ்ப் பால் ஜாயிண்ட் குறைக்காக ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதனால்தான் பழைய சாமானைத் தூக்கிப் போடாதீர்கள், பில்லோடு வைத்திருங்கள் என்று கட்சிக்காரர்களிடம் சொல்கிறேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம் முழுமையாக வந்தது. குறை மறைந்திருக்கவில்லை, பிரதிவாதிக்குத் தெரிந்தே இருந்தது, தெரிந்தபின் அந்தக் காரைச் சாலைக்குக் கொண்டுவந்ததே கவனக்குறைவு என்றார் நீதிபதி. மோட்டார் ஓட்டிய பெண் மேல் ஒரு விழுக்காடும் சுமத்தவில்லை.

இழப்பீட்டில்தான் நீண்ட பேச்சு. சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவுப்படி 30 வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால வருமான இழப்பை 16 ஆண்டுக்குக் கணக்கிடுவார்கள். அந்தப் பெண் வேலையை முழுதாக இழக்கவில்லை என்பது எதிர்த்தரப்பின் வாதம். உண்மைதான். ஆனால் கிளீன் ரூமில் பன்னிரண்டு மணி நேரம் நின்று செய்யும் வேலையை அந்தக் காலை வைத்துக்கொண்டு செய்ய முடியாது. உட்கார்ந்து செய்யும் பகல் வேலைக்கு மாற்றினார்கள். இரவுப் படியும் ஓவர்டைமும் போயின. சம்பளச் சீட்டுகளை மாதம் மாதமாக அடுக்கி, அந்த வித்தியாசத்தைக் காட்டினோம். வேலை முடிந்து வீடு திரும்பும் வழி என்பதால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோ தற்காலிக உதவித்தொகையை ஏற்கனவே கொடுத்திருந்தது. இது பலருக்குத் தெரிவதில்லை. வேலைக்குப் போகும், வரும் வழி விபத்துக்கும் பெர்கெசோவில் மனு கொடுக்கலாம்.

காப்புறுதி நிறுவனம் மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுத்தது, பிறகு செலவுத் தொகையில் பேசி மீட்டுக்கொண்டது. காசோலை வந்த அன்று அந்தப் பெண் என்னிடம் கேட்டது, "அந்த அண்ணன் கைக்காசு கட்டணுமா சார்?" என்றுதான். இல்லை என்றேன். மூன்றாம் தரப்புக் காயத்துக்குக் காப்புறுதி கட்டாயம் என்பதால், 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 96ஆம் பிரிவுப்படி தீர்ப்புத் தொகையை நிறுவனமே கட்ட வேண்டும். காரை ஓட்டியவர் கட்டியது, வண்டியைக் கட்டுப்படுத்தத் தவறியதற்குப் போலீஸ் போட்ட சம்மனை மட்டும். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் அந்தப் பெண் காசோலைக்கு ரசீதில் கையெழுத்துப் போட்டார்.